குழாயடி ஏழு பேர்

கை கழுவும் சட்டத்தைக் கொண்டுவந்தவளே அவள்தான். நாற்றுக்கூடத்தின் கதவுக்கு வெளியே ஒரு சிமெண்டுத் தொட்டி, ஒரு சோப்பு, ஒரு பிளாஸ்டிக் குவளை. உள்ளே போகிறவர் யாரானாலும் முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் போகவேண்டும். உரம் கொண்டுவருகிற லாரிக்காரரானாலும் சரி, கட்டிய கணவரானாலும் சரி, விலக்கு கிடையாது. கொழுந்தனுக்கு மட்டும் ஐந்து வாரமாகத் தனிச் சட்டம். அவன் இரண்டு தடவை கழுவவேண்டும்.

"சோப்பு போட்டு, ரெண்டு தடவை" என்று அவள் முதல் நாள் சொன்னபோது, அவன் அப்படியே கழுவினான். முப்பத்திரண்டு வயது ஆம்பிளை. வீட்டில் இன்னும் 'சின்னவன்' என்றுதான் பெயர். அவன் கழுவி முடிக்கும்வரை அவள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவனுக்கு அதிகம் சுட்டது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

அவர்களுடைய பிழைப்பு தக்காளி நாற்று. விதையைக் குழித்தட்டில் போட்டு, தென்னை நார்த்தூளால் மூடி, முளைக்கவைத்து, நாலு இலை வந்ததும் தோட்டக்காரர்களுக்குக் கொடுப்பார்கள். சுற்றுவட்டாரத்தில் தக்காளி போடுகிற முக்கால்வாசிப் பேர் இவர்களிடம்தான் நாற்று வாங்கினார்கள். 'நாற்றுக்காரி கை பட்டால் செடி சாகாது' என்று ஒரு பேச்சு ஊரில் இருந்தது. அந்தப் பேச்சைக் காதில் வாங்காதவள்போல முகத்தை வைத்துக்கொள்வாள். ஆனால் அது காதில் விழுந்த நாளில் எல்லாருக்கும் இன்னொரு டம்ளர் டீ கிடைக்கும்.

அந்தக் கைக்குத்தான் இந்தப் பருவத்தில் கெட்ட பெயர் வந்தது.

முதலில் வந்தவர் குல்லாக்காரர். வெயிலோ மழையோ, காதை மூடும் கம்பளிக் குல்லாயைக் கழற்றாத மனிதர். ஒரு கூடைத் தக்காளியைத் தூக்கிவந்து வாசலில் அப்படியே கவிழ்த்தார். பழங்களின்மேல் தேமல்போலப் பழுப்புத் திட்டு. தடவினால் சொரசொரவென்று இருந்தது.

"இதை நீ வாங்குவியா? சொல்லு. இதை வாங்கி உன் வீட்டுல சமைப்பியா?"

"உள்ள வந்து உக்காருங்க. நின்னுக்கிட்டே கத்துனா மூச்சு வாங்கும் உங்களுக்கு."

"மூச்சு போனாப் போகட்டும். இலையெல்லாம் நூல் நூலாப் போயிருச்சு. செடின்னு நெனச்சு வளர்த்தது தொடப்பமா நிக்குது!"

அடுத்த வாரத்துக்குள் இன்னும் மூன்று தோட்டம். நாலு பேருக்கும் ஒரே இடத்து நாற்று. அவள் நாற்றுக்கூடத்துக்குள் ஓடிப்போய் ஒவ்வொரு தட்டாகப் புரட்டிப் பார்த்தாள். கடைசி மேசையில் பன்னிரண்டு செடிகள், குல்லாக்காரர் சொன்ன அதே நூல் இலையோடு நின்றன.

அந்தப் பன்னிரண்டும் சின்னவன் கொண்டுவந்தவை. எங்கேயோ ஒரு நண்பனின் தோட்டத்தில் புது ரகம் என்று கொடுத்தார்கள் என்று, யாரையும் கேட்காமல் எடுத்துவந்து ஓரமாக வைத்திருந்தான். அவை வந்தது இந்தப் பருவத்தின் தொடக்கத்தில்தான். அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது? கணவர் தம்பியைப் பார்த்து, "வீட்டுக்குள்ள பாம்பைக் கொண்டுவந்து விட்டுட்டியேடா" என்றார். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசவில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். "உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்று அவள் வழியாகத்தான் உப்புகூட நகர்ந்தது.

சின்னவன் சண்டை போட்டிருந்தால்கூட வீடு தாங்கியிருக்கும். அவன் வெளியூரில் பழங்களைப் பெட்டியில் அடைக்கும் ஒரு கூடத்தில் வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டான். வருகிற திங்கட்கிழமை போய்ச் சேரவேண்டும்.

*

நோயைக் கண்டுபிடிக்க வந்த ஆராய்ச்சிக்கூடத்து அம்மாவுக்கு ஊரில் 'ஆறாயிரத்தம்மா' என்று பெயர் விழுந்திருந்தது. வந்த முதல் நாள், "இந்த வைரசோட உடம்பு முழுக்க ஆறாயிரத்துச் சொச்சம் எழுத்துதான். அதை முதல்லேருந்து கடைசி வரைக்கும் படிச்சா, எங்கேருந்து வந்துச்சுன்னு ஓரளவு சொல்லிடலாம்" என்று சொல்லிவிட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இலையைக் கையில் எடுத்தால் எதிரே இருக்கிற ஆளை மறந்துவிடுவார். அன்றைக்கே, "எல்லாத்துலேருந்தும் ஒவ்வொரு இலை வேணும்" என்று காகிதப் பைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். வேறு யாரையும் உள்ளே விடாததால் நாற்றுக்காரியேதான் இலை பறித்தாள். நாலு தோட்டத்து இலையும் சேர்த்து, இருபத்திரண்டு பை.

இப்போது, ஒரு சனிக்கிழமை காலையில், அந்த இருபத்திரண்டின் கதையைச் சொல்ல வந்து அடுக்களை மேசையில் உட்கார்ந்திருந்தார். வெளியே தூறல். மேசையில் அவித்த முட்டை, ரொட்டி, உப்பும் மிளகும் தூவிய தக்காளித் துண்டுகள். சின்னவன் வாசற்படியில் இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய காது இங்கேதான் இருந்தது.

"முதல்ல ஒரு விஷயம். அந்தப் பன்னிரண்டு செடி இல்லை" என்றார் ஆறாயிரத்தம்மா.

கணவர் முட்டையைக் கீழே வைத்தார். "என்ன இல்லை?"

"அதுலேருந்து நோய் ஆரம்பிக்கலை."

"நம்ம கூடத்துல அதுலதானே மேடம் முதல்ல தெரிஞ்சுது?"

"முதல்ல தெரிஞ்சுது. முதல்ல வரலை. அந்த ரகம் வைரசைத் தாங்காது, அதனால சீக்கிரம் காட்டிக்கொடுத்துருச்சு." சுவரில் பென்சிலால் எழுதி ஒட்டியிருந்த உரக் கலவைச் சீட்டை அவர் கவனித்தார். "அது யார் எழுதினது?"

"நான்தான்" என்றார் கணவர்.

"அதை உங்க தம்பி பார்த்து எழுதுறார்னு வச்சுக்குங்க. ரெண்டு மூடின்னு இருக்கறதை மூணு மூடின்னு தப்பா எழுதிடறார். அவர் சீட்டைப் பார்த்து எழுதறவங்க எல்லாரும் மூணு மூடின்னுதான் எழுதுவாங்க, இல்லையா? அதுல ஒருத்தர் தானும் புதுசா ஒரு தப்பு பண்ணுவார். வைரசும் அப்படித்தான், தன்னையே பார்த்துப் பார்த்து எழுதிக்கும். நாலு தோட்டத்துலயும் ஒரே எழுத்து ஒரே இடத்துல மாறியிருக்கு. தம்பி செடியில அந்த மாற்றமும் இருக்கு, அதுக்கு மேல புதுசா ரெண்டும் இருக்கு. அப்போ அவர் செடி பார்த்து எழுதின சீட்டு. மூலச் சீட்டு இல்லை. பழி போடவேண்டிய இடம் அது இல்லைங்க. அந்தச் செடிங்க நல்லபடியா வந்து, உங்க இடத்துலதான் நோய் வாங்கியிருக்கு."

வாசற்படியில் பூட்ஸ் துடைக்கும் சத்தம் நின்றது.

கணவர் அந்தப் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வெளியே தட்டு இறக்க வந்த வண்டி ஹாரன் அடித்தது. "இதோ" என்று, தப்பித்த மாதிரி எழுந்து போய்விட்டார். சின்னவனும் பூட்ஸை மாட்டிக்கொண்டு எங்கேயோ நடந்தான்.

மேசையில் இரண்டு பெண்கள் மட்டும்.

"அப்போ மூலச் சீட்டு எது மேடம்?" என்று நாற்றுக்காரி கேட்டாள்.

"அதுதான் கிடைக்கலை. நீங்க குடுத்த இருபத்திரண்டுல இல்லை. இங்கேதான் எங்கேயோ இருக்கணும்." அவர் ஒரு தக்காளித் துண்டை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். "நோயே இல்லாம, நல்லா, ரொம்ப நாளா நிக்கற பழைய செடி ஏதாவது உள்ள இருக்கா? சில செடிக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கும். வைரஸ் உள்ளயே குடியிருக்கும், ஆனா இலையில ஒண்ணும் தெரியாது. பார்க்கறவங்களுக்கு அதைவிட ஆரோக்கியமான செடி இருக்காது."

நாற்றுக்காரியின் கட்டைவிரல் மேசைக்கு அடியில் மடங்கியது. அந்த நகத்தில் எப்போதும் ஒரு பச்சைக் கறை இருக்கும்.

"இல்லீங்க மேடம்" என்றாள். "அப்படி ஒண்ணும் இல்லை."

"யோசிச்சுப் பாருங்க. அதை எடுக்காட்டி அடுத்த பருவமும் இதேதான். எனக்குப் பதினோரு மணிக்கு பஸ்." அவர் தக்காளியைத் தின்று கையைத் துடைத்துக்கொண்டு, குல்லாக்காரர் தோட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவதாகக் கிளம்பினார்.

*

நாற்றுக்கூடத்தின் பிளாஸ்டிக் கூரைமேல் தூறல், யாரோ அரிசியைப் புடைப்பதுபோலச் சத்தம் போட்டது. உள்ளே நுழைந்ததும் இடதுபக்கம் நீர்ப்பாசனக் குழாய். அந்தக் குழாயடியில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு ஏழு தக்காளிச் செடிகள்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு நோய் வந்து மொத்த நாற்றுக்கூடமும் படுத்தபோது, படுக்காமல் நின்றவை இவை ஏழுதான். அவள் விடவில்லை. வருடாவருடம் பக்கத் துளிரைக் கிள்ளி ஊன்றி, அதே ஏழு செடிகளைப் புதுப்பித்துக்கொண்டே வந்தாள். கணவருக்கு இவை கணக்கிலேயே இல்லை. விற்காத செடி அவர் கண்ணில் செடியே இல்லை. அவளுக்கு மட்டும் 'ஏழு பேர்'. இலை கரும்பச்சையாகத் தடித்து, பழம் கண்ணாடிபோல மினுங்கும். உலகமே தன் கையைப் பழித்த இந்த ஐந்து வாரமும் அவளுக்கு ஆறுதலாக நின்றது இந்த ஏழு பேர்தான்.

இலை பறித்த அன்றைக்கு இவற்றில் ஒன்றைக்கூடப் பறிக்கவில்லை. மறைக்கவேண்டும் என்று இல்லை. காய்ச்சல் வந்த பிள்ளையைத்தானே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவார்கள், நன்றாக விளையாடுகிற பிள்ளையை எதற்கு என்று நினைத்தாள். அவ்வளவுதான்.

இப்போது அவள் தன் காலை வேளையை ஒரு தடவை மனத்துக்குள் நடந்து பார்த்தாள். எழுந்ததும் வருவாள். வெளித் தொட்டியில் முழங்கைவரை கழுவுவாள். கதவைத் திறப்பாள். நேராகக் குழாயடிக்குப் போய், இரவில் வந்த பக்கத் துளிர்களை நகத்தால் கிள்ளுவாள். பத்து நிமிடம். அப்புறம் அதே கையோடு தட்டு தட்டாகப் போய் நாற்றுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். பட்டால் செடி சாகாத கை.

தொட்டி வெளியே இருந்தது. ஏழு பேரும் உள்ளே இருந்தார்கள்.



ஆனால் உடனே இன்னொரு நினைப்பும் வந்தது. பிடுங்கிவிட்டால்? வேரோடு பிடுங்கிக் கொல்லைப்பக்கம் எரித்துவிட்டால்? மூலச் சீட்டு போய்விடும். அடுத்த பருவம் நோய் வராது. சின்னவன்மேல் இருந்த பழியும்தான் இப்போது இல்லையே. யாருக்கு என்ன நஷ்டம்? 'எங்கேருந்தோ வந்துச்சு' என்று ஊர் நாலு மாதம் பேசும், அப்புறம் மறக்கும். அவளுடைய கை அவளுடைய கையாகவே இருக்கும்.

முதல் செடியின் அடித்தண்டை இரண்டு கையாலும் பிடித்தாள்.

அப்போது வெளியே பூட்ஸ் சத்தம். பிளாஸ்டிக் சுவருக்கு அந்தப் பக்கம் மங்கலாக ஓர் உருவம். சின்னவன். திங்கட்கிழமைக்கு முன்னால் தன்னுடைய வெட்டுக்கத்தியையும் கையுறையையும் எடுத்துக்கொள்ள வந்திருக்கிறான். உள்ளே அவள் இருப்பது அவனுக்குத் தெரியாது.

அவன் தொட்டியருகே நின்றான். குவளையில் தண்ணீர் மொண்டான். சோப்பைத் தேய்த்தான். முழங்கைவரை கழுவினான். உதறினான். பிறகு மறுபடி சோப்பை எடுத்தான்.

பழி இல்லை என்று ஆராய்ச்சிக்கூடமே வந்து சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பார்க்கவும் யாரும் இல்லை. இருந்தும் இரண்டாவது தடவை கழுவினான். ஐந்து வாரத்தில் அவள் அவனை அப்படிப் பழக்கியிருந்தாள்.

அவளுடைய கை தண்டைத் தானாக விட்டது.

அவன் கதவைத் திறந்து அவளைப் பார்த்ததும் பின்வாங்கினான். "என் கத்திய எடுக்க வந்தேன் அண்ணி. தட்டு எதையும் தொட மாட்டேன்."

"தம்பி, இங்க வா."

"இல்ல, நான் எடுத்துட்டுப் போயிடறேன்."

"வாடான்னா வா." குழாயடியைக் காட்டினாள். "மூலச் சீட்டு இதுதான்னு நெனைக்கிறேன். இந்த ஏழு. அந்த அம்மா நேராவே கேட்டாங்க. இல்லைன்னுட்டேன்."

அவன் ஏழு செடிகளையும் வரிசையாகப் பார்த்தான். அவற்றின் பழங்களை, கயிற்றை, அவளுடைய கட்டைவிரலை.

"இதையா?" என்றான். "இதுக்கு ஒரு சளி பிடிச்சுக்கூட நான் பார்த்ததில்லையே."

"அதனாலதான்."



"நம்ம கண்ணு முன்னாடியே நின்னிருக்கு" என்று மெதுவாகச் சொன்னான், "அஞ்சு வாரம் அண்ணி. நான் அண்ணன்கிட்ட ஒரு வாய் பேசி அஞ்சு வாரம்."

"ஆமா."

"உப்புக்கூட உங்க வழியா."

"ஆமாடா."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"பஸ் பதினோரு மணிக்கா? இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. பறிங்க. நான் வண்டிய எடுக்கறேன்."

*

அவள் ஒவ்வொரு செடிக்கும் ஒரு புதுப் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பறித்தாள். ஏழு இலை, ஏழு பை, மேலே ஒன்று முதல் ஏழு வரை எண். பைக்கின் பின்னால் உட்கார்ந்து, மடியில் அவற்றைப் பிடித்துக்கொண்டாள். தூறல் முகத்தில் அடித்தது. திருப்பத்தில் அவன், "கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்றான்.

ஆறாயிரத்தம்மா பஸ்ஸின் முதல் படியில் கால் வைத்திருந்தார்.

"மேடம்! பொய் சொல்லிட்டேன்!" என்று நாற்றுக்காரி ஓடிக்கொண்டே கத்தினாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அந்த அம்மா இறங்கி வந்து பைகளை வாங்கி எண்ணைப் பார்த்தார். "ஒரு செடியைத் தொட்ட கையால இன்னொண்ணைத் தொட்டீங்களா?"

"இல்ல மேடம். ஒவ்வொண்ணுக்கும் புதுப் பை மாட்டிக்கிட்டேன்."

"அப்போ சரி" என்று மறுபடி ஏறிவிட்டார். பொய்யைப் பற்றி அவருக்குக் கேட்க ஒன்றும் இல்லைபோல. கண்டக்டர்தான், "என்னம்மா, இலைக்கா இவ்வளவு கூத்து?" என்று விசிலை ஊதினார்.

சின்னவன் அந்தத் திங்கட்கிழமை போகவில்லை. போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. முடிவு வரட்டும் என்றான். அந்தச் சனிக்கிழமை மதியமே சாப்பாட்டு மேசையில் நாற்றுக்காரி கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் உப்புக் கிண்ணத்தைத் தானே எடுத்துத் தம்பியின் முன்னால் வைத்தார்.

"எனக்கு உப்பு போதும்" என்றான் சின்னவன்.

"இருக்கட்டும், வச்சுக்கோ" என்றார் அண்ணன். ஐந்து வாரத்தில் முதல் பேச்சு அதுதான்.

*

பன்னிரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. ஏழு செடியிலும் வைரஸ். மாறாத எழுத்தோடு, எல்லாச் சீட்டுக்கும் மூலச் சீட்டாக. தோட்டக்காரர்கள் கூட்டம் பெட்டிகள் அடுக்கிய கொட்டகையில் நடந்தது. அந்த அம்மா சொல்ல எழுந்தபோது நாற்றுக்காரி கையைத் தூக்கினாள்.

"நானே சொல்லிடறேன் மேடம்."

சொன்னாள். குழாயடி, ஏழு பேர், கழுவிய கை, காலை பத்து நிமிடம், பறிக்காத இலை, சொன்ன பொய். எதையும் விடவில்லை. 

குல்லாக்காரர் முதல்தடவையாகக் குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். தலை பளபளவென்றிருந்தது.

"நாலு வருஷமா நல்ல நாற்றுதானே குடுத்தே?"

"அப்போவெல்லாம் அதுங்க உடம்புல இது வந்திருக்காதுங்க. போன வருஷம் எப்போவோ வந்திருக்கும்னு மேடம் சொல்றாங்க. எப்படின்னு தெரியலை. அதுவும் என் கை வழியாத்தான் இருக்கும்."

"என் பருவம் போனது போனதுதான்."

"ஆமாங்க. இந்தப் பருவம் இனி நாற்றே போடறதில்லை. கூடத்தைக் காயப்போடறோம். அடுத்த பருவத்துக்கு முதல் தட்டு உங்களுக்கு."

"அதை மேடம் படிச்சுச் சொல்லட்டும். அப்புறம் வாங்கறதா வேணாமான்னு பார்க்கலாம்" என்று குல்லாயை மறுபடி மாட்டிக்கொண்டார். மன்னித்த மாதிரியும் இல்லை, கைவிட்ட மாதிரியும் இல்லை. அவள் அதை ஏற்றுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் ஏழு பேரையும் பிடுங்கினார்கள். சின்னவன் கயிற்றை அறுத்துக் கொடுக்க, அவள் வேரோடு இழுத்துப் பைக்குள் திணித்தாள். கணவர் கொல்லையில் குழி வெட்டினார். ஐந்து செடி பைக்குள் போனதும் ஆறாயிரத்தம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"ரெண்டை எனக்குக் குடுங்க. மூடின பெட்டியில கொண்டுபோறேன்."

"இதையா மேடம்? இத்தனைக்கும் காரணம் இதுதானே?"

"இத்தனை வைரசை உள்ள வச்சுக்கிட்டு ஒரு இலைகூடச் சுருங்காம நின்னிருக்கே. எதை வச்சுத் தாங்குதுன்னு பார்க்கணும். அதைப் படிச்சுட்டா, வைரசை உள்ளயே நுழைய விடாத செடியைக் கொண்டுவரவும் ஒரு வழி கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம்."

"அதுவும் ஆறாயிரம் எழுத்தா?" என்றான் சின்னவன்.

"தக்காளியா? தொண்ணூறு கோடி."

சின்னவன் விசிலடித்தான். "போச்சு. இனிமே ஊர்ல உங்க பேரை மாத்தணும்."

நாற்றுக்காரி ஆறாவதையும் ஏழாவதையும் வேரில் ஈரத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்தாள். மூடுவதற்கு முன்னால் வழக்கம்போல ஒரு பக்கத் துளிர் கண்ணில் பட்டது. விரல் போனது. பாதியில் நிறுத்தி, மூடியை அழுத்தினாள்.

அந்த அம்மா பெட்டியோடு போன பிறகு அவள் வெளியே தொட்டிக்கு வந்தாள். கையெல்லாம் பச்சை. குவளையை எடுக்கப் போனால், அது ஏற்கெனவே சின்னவன் கையில் இருந்தது. அவன் மொண்டு ஊற்றினான். அவள் சோப்புப் போட்டு, நகத்துக்குள் தேய்த்து, முழங்கைவரை கழுவினாள். உதறிவிட்டுத் திரும்பினாள்.

அவன் நகரவில்லை. இன்னொரு குவளைத் தண்ணீர் மொண்டு தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தில் சிரிப்பு இல்லை. கண்ணில் கொஞ்சம் இருந்ததோ என்னவோ.

"அண்ணி" என்றான். "ரெண்டு தடவை."

அவள் மறுபடி சோப்பை எடுத்தாள்.